ஏழாவது நட்சத்திரம்

ஆகஸ்ட் 5, திங்கள்

விசாரணைக்கு என்று எடுத்துப்போன பள்ளி டேப்லெட்டை இன்றைக்குத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். முதுகில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. பள்ளியின் பெயர், என் பெயர் கோகிலவாணி, தேதி ஜூன் 26. நகத்தால் சுரண்டினேன். பெயரெல்லாம் வந்துவிட்டது, 26 மட்டும் வரமாட்டேன் என்கிறது, சனியன்.

இந்த நோட்டு வாங்கியதே 22-ம் தேதி விசாரணைக்காகத்தான். கல்வி அலுவலர் மலையேறி நேரில் வருகிறார். அவர் முன்னால் தடுமாறாமல் பேச வேண்டும், அதனால் நடந்ததை ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுகிறேன்.

பெரியமட்டம் எஸ்டேட் பள்ளியில் ஆசிரியர் நான் ஒருத்திதான். பிள்ளைகள் பத்துப் பேர். தொழிலாளர் வீடுகளைப் பாடி என்பார்கள் இங்கே. காலை எட்டரைக்குப் பாடியின் குழாயடியில் எல்லோரும் சேர்வோம், அங்கிருந்து தேயிலைக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. சிறுத்தை நடமாட்டம் உள்ள இடம். மூட்டம் இறங்கிவிட்டால் முன்னால் போகிற பிள்ளையின் பை கூடத் தெரியாது, குரல்தான் கேட்கும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். பாதி வழியில் சின்னப் பாலம், அங்கே நின்று ஒன்றிலிருந்து பத்து வரை அவரவர் எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும். கடைசியில் பள்ளி கேட்டில் சமையல்கார ஞானப்பூ அக்கா தலை எண்ணி உள்ளே விடுவார்.

டேப்பில் ‘சேர்ந்து எண்ணுவோம்’ என்று தினமும் முடிக்க வேண்டிய ஒரு பயிற்சி. பிள்ளைகள் ஆளுக்கொரு எண் சொன்னால் அது கேட்டு ஒவ்வொரு நட்சத்திரமாக ஏற்றும். ஓர் எண் விட்டுப்போனால் நின்றுவிடும். “ஓர் எண் கேட்கவில்லை. மறுபடி எண்ணிப் பாருங்கள்” என்று ஒரு பெண் குரல் நயமாகச் சொல்லும். பாலத்தில் எப்படியும் எண்ணத்தானே போகிறோம், டேப்பை நீட்டிப் பிடித்தால் பயிற்சியும் முடிந்துவிடுமே என்பது என் யோசனை. ஆசிரியர் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்கள்.

ஜூன் 26 அன்று பாலத்தில் பத்தும் சரியாக இருந்தது. பத்துக்குப் பத்து, காலை 8.52 என்று டேப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஞானக்கா மட்டும் கேட்டுக்குள் வந்தது ஒன்பது தலைதான் என்கிறார். பாலத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் சிறுத்தை தூக்கிப் போன பிள்ளைக்கு கேட்டில் நின்றவர்தானே பதில் சொல்ல வேண்டும்? அவரை வேலையை விட்டு எடுப்பார்கள் போலிருக்கிறது. நான் என்ன செய்ய?

பிள்ளையின் பெயர் தர்சினி. ஒன்றாம் வகுப்பு. ஏழாம் எண்.

கோர்வையாகத்தான் வந்திருக்கிறது. இப்படியே சொல்லிவிடலாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இனி ஒன்பது பேர்தானே, எண்களை மாற்றிவிடலாம் என்று குழாயடியில் சொன்னேன். “தினகர், இன்னையிலிருந்து நீ ஏழு.”

“நான் எட்டு டீச்சர்.”

“இனிமே ஏழுடா.”

“எட்டு டீச்சர்.” இரண்டாம் வகுப்புப் பயல், முழங்கால் உயரம். என்ன அழுத்தம் பாருங்கள்! விட்டுவிட்டேன், நேரமாகிவிட்டது.

பாலத்தில் டேப்பை நீட்டினேன். நல்ல மூட்டம். ஐந்து, ஆறு என்று வந்து நின்றது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். பிறகு எட்டு, ஒன்பது, பத்து. பயிற்சி நின்றுபோகும், நயமான குரல் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. திரையைத் திருப்பிப் பார்த்தால் பத்து நட்சத்திரமும் எரிகிறது.

சரி, வேலை முடிந்தது என்று பைக்குள் போட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு மாம்பழக் கணக்கு. திரையில் கூடையும் மாம்பழமும் வரும், சொன்ன எண்ணிக்கையை விரலால் இழுத்துக் கூடையில் போட வேண்டும். நாலு போட்டார்கள். ஒன்பது போட்டார்கள். ஏழு கேட்டது. ஆறாம் எண் அஸ்வதி, மூக்கொழுகிக்கொண்டே ஆறு பழம் போட்டுவிட்டு டேப்பை என் பக்கம் தள்ளினாள்.

“இன்னும் ஒண்ணு போடு.”

“நீங்க போடுங்க டீச்சர்.”

அடுத்தவனிடம் கொடுத்தேன். அவனும் ஆறு போட்டுவிட்டுத் தள்ளுகிறான். நாலு பேரும் இதே மாதிரி! ஐந்தும் இரண்டும் எத்தனை என்று பலகையில் கேட்டேன். வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள், என் வாயையே பார்த்துக்கொண்டு. ஜூன் வரை ஒழுங்காகச் சொன்ன பிள்ளைகள்தான். கத்திவிட்டேன். கத்தினதற்கு யாரும் அழவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

நாள் முழுக்க மழை. ஞானக்கா வழக்கம்போல டீ கொண்டுவந்து மேசையில் வைத்தார். குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நாலாவது நாளாக ஒன்பது பிள்ளைகளுக்குப் பத்து நட்சத்திரம். டேப் பயிற்சி கொடுத்த நிறைமதிக்கு போன் போட்டேன். பொள்ளாச்சியில் இருக்கிறாள், தங்கமான பெண்.

“சத்தம் எதாச்சும் விழுந்தா எண்ணுன்னு எடுத்துக்குமா?”

“எடுத்துக்காது மேடம். மனுசக் குரல்ல, அந்த எண்ணைச் சொன்னாத்தான் நட்சத்திரம் ஏறும். சந்தேகம்னா அன்னன்னைக்குப் பதிவைப் போட்டுக் கேட்டுப் பாருங்களேன். சாயந்திரம் வரைக்கும் உள்ளே இருக்கும்.”

“சாயந்திரத்துக்கு அப்புறம்?”

“குரல் அழிஞ்சிடும். எண்ணிக்கையும் நேரமும் மட்டும்தான் நிக்கும்.”

“ஜூன் மாசத்துது?”

“அதெல்லாம் அன்னைக்கே போயிருக்கும் மேடம்.”

“நல்லது” என்றேன். ஏன் நல்லது என்று அவள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

பிள்ளைகள் காலைச் சாப்பாட்டில் இருக்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு இன்றைய பதிவைக் கேட்டேன்.

ஒன்று, கவின்ராஜின் தொண்டை. இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறு, அஸ்வதியின் மூக்கடைத்த குரல். பிறகு இலையில் சொட்டுகிற தண்ணீர். பிறகு, “ஏழு.”

பிள்ளைக் குரல் இல்லை. பெரிய மனுசிக் குரல். வேலை கெடுகிறதே என்ற எரிச்சலில், வெடுக்கென்று.

நான்தான்.

நான் வாயே திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. நாலு தரம் போட்டுக் கேட்டேன். ஐந்தாம் தரம் போட விரல் வரவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எனக்கே தெரியாமல் வாய் முணுமுணுக்கிறதோ என்னவோ. தனியாக இருக்கிற பொம்பளை, பேச்சுத் துணை கிடையாது, அப்படியும் இருக்கலாம். பாலத்துக்கு முன்னால் பாட்டிலைத் திறந்து வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். கன்னம் உப்பிக்கொண்டு நிற்கிறேன், கவின்ராஜ் பார்த்துச் சிரிக்கிறான். ஆறு. இடைவெளி. எட்டு, ஒன்பது, பத்து.

துப்பலாம் என்று குனிந்தேன். வாயில் தண்ணீர் இல்லை. சேலையும் நனையவில்லை. எப்போது விழுங்கினேன்?

பத்து நட்சத்திரம்.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று பாலத்தில் டேப்பை எடுக்கவே இல்லை. வகுப்பில் பெஞ்சின் மேல் வைத்து, “நீங்களே வரிசையா நின்னு எண்ணுங்கடா, டீச்சர் இதோ வரேன்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். நடுவில் முற்றம், தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம். கத்தினாலும் வகுப்புக்குக் கேட்காது.

ஞானக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். முப்பது வருடமாக இங்கே சமைக்கிறார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன டீச்சர், ஏழு ஏழுன்னு முனகுதீக?”

“நானா? இல்லையே.”

“முனகுதீக.” தண்ணீரை வடித்தார். “இருபத்திரெண்டாம் தேதி என்ன கேப்பாக டீச்சர்? எனக்கு எழுத்து தெரியாது. கண்ணுல பூ விழுந்திருச்சு, தலைய சரியா எண்ணலன்னு பாடியில பேசுதாக. முத்துமாரி என்னக் கண்டா காறித் துப்புதா. தர்சினியப் பெத்தவ, துப்பத்தான் செய்வா. ஆனா எனக்குத் தட்டு எண்ணத் தெரியும் டீச்சர். கேட்டுல வந்த தலைக்குத்தான் தட்டு வைப்பேன். அன்னைக்கு ஒம்பது தட்டுதான் வச்சேன்.”

“டேப்புல பத்துன்னு இருக்குக்கா.”

“ஆமா, மிசினு பொய் சொல்லாதுல்லா” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “அப்போ என் கண்ணுதான் போல” என்றார். நான் வந்துவிட்டேன்.

வகுப்பில் பத்து நட்சத்திரம். பதிவிலும் அதே வெடுக்கென்ற குரல்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றினோம். மிட்டாய்ப் பாக்கெட்டில் பத்து இருந்தது. மீந்த ஒன்றை யாரும் எடுக்கவில்லை. மேசையிலேயே கிடக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது முத்துமாரி வந்தாள். தர்சினியின் அம்மா. ஞாயிறு, இலை பறிக்கிற வேலை இல்லை. தலை வாராமல் வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தாள்.

“டீச்சரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பாலத்துல அவ ஏழு சொன்னாள்ல? எப்படிச் சொன்னா?”

“எப்படின்னா?”

“சத்தமா சொன்னாளா? பயந்து போய் சொன்னாளா? காலைல ஜடை இறுக்கிப் போட்டுட்டேன்னு அழுதுக்கிட்டே வந்தா. அழுகாச்சியாவா சொன்னா? அதுதான் அவ கடைசியாப் பேசினது. அதுக்குத்தான் கேக்கேன். அந்தப் பொட்டியில போட்டுக் காட்ட முடியுமா?”

“குரல் அழிஞ்சிருச்சும்மா.”

“நீங்க கேட்டீங்கல்ல. நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். “சத்தமா, சந்தோசமாத்தான் சொன்னா.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, “அப்போ அவ செருப்பு எப்படி குழாயடிக்கிட்ட கெடந்துச்சு? பாலம் தாண்டின பிள்ள செருப்பு, பின்னாடி எப்படிப் போகும்?” என்றாள்.

சிறுத்தை பிள்ளையை அந்தப் பக்கமாக இழுத்துப் போயிருக்கும் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். இன்றைக்கும் அதையே சொன்னேன்.

அவள் போன பிறகு வாளியில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். சோப்பு நுரையெல்லாம் அடங்கிவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்று மாம்பழக் கணக்கில் அஸ்வதி மறுபடி ஆறு போட்டு டேப்பைத் தள்ளினாள். கத்தக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“ஏன் தங்கம், ஏழு மட்டும் போடமாட்டேங்கிறே?”

“அது உங்க நம்பர் டீச்சர்.”

“என் நம்பரா? யார் சொன்னா?”

“அன்னைக்குப் பாலத்துல நீங்கதான சொன்னீங்க. அதான் நாங்க தினமும் உங்களுக்கு நிறுத்துறோம்.”

மற்றப் பிள்ளைகளைப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள், ‘ஆமாம், இது கூடத் தெரியாதா’ என்பது போல. தினகர் மட்டும் கீழே பார்த்துக்கொண்டு, “அவ செருப்பு வாரு அந்துருச்சு டீச்சர். குழாயடியில உக்காந்துட்டா. நீ போ, வரேன்னா. நான் தாண்டி வந்துட்டேன்” என்றான்.

ஐம்பத்தைந்து நாளாக இவர்களை யாரும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகள், அவர்களிடம் போய் எதற்கு என்று நான்தான் தடுத்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். எழுதாமல் இந்த நோட்டு எதற்கு.

அந்த வாரம் இரண்டு நாள் பயிற்சி முடிக்காததால் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எங்கள் பள்ளி பெயரைச் சிவப்பில் போட்டிருந்தார்கள். முந்தின வாரம் கைதட்டியவர்கள் பார்க்கும்படி. எனக்கு மானம் போனது. 26-ம் தேதி பாலத்தில் ஆறு வந்தது, ஏழு வரவில்லை. டேப் சொன்னது, ஓர் எண் கேட்கவில்லை, மறுபடி எண்ணிப் பாருங்கள் என்று. மூன்று முறை சொன்னது. மந்தமான பிள்ளை, வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தேன். அஸ்வதி திரும்பிப் பார்த்தாள், “முன்னாடி பாரு” என்று அதட்டினேன். டேப்பை வாயருகே கொண்டுபோய் நானே “ஏழு” என்றேன். பிள்ளைக்குத் தெரியாத விடையை நாங்களே அழுத்தி அனுப்புவது இல்லையா, அதே மாதிரி. எத்தனை தடவை செய்திருக்கிறேன், கை அதுபாட்டுக்குச் செய்யும். ஏழாவது நட்சத்திரம் ஏறிற்று. நடந்தோம்.

பாலத்திலிருந்து குழாயடிக்குப் பத்து நிமிட நடை. ஓடினால் ஐந்து.

ஆகஸ்ட் 21, புதன்

பாலத்தில் டேப்பை எடுத்தேன். பத்து.

ஆகஸ்ட் 22, வியாழன்

அலுவலர் பதினொரு மணிக்கு வந்தார். வயதானவர், மலைப்பாதையில் வாந்தி எடுத்து முகம் வெளிறியிருந்தது, ஆனாலும் மரியாதையான மனிதர். வகுப்பிலேயே விசாரணை. முத்துமாரி சுவரோரம். ஞானக்கா கதவுக்கு வெளியே, உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

அவர் காகிதத்தைப் பார்த்தார். “பத்துக்குப் பத்து, 8.52. இது தெளிவாத்தான் இருக்கு. இந்தப் பயிற்சி எப்படி நடக்குதுன்னு ஒருதரம் செஞ்சு காட்டச் சொல்லுங்க டீச்சர்.”

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். டேப்பை நீட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு.

நிறுத்தினார்கள். நான் முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டேன். தினகர் எட்டு சொல்லவில்லை. ஒருவரும் அசையவில்லை. வெளியே மழை கூட விட்டிருந்தது.

“ஓர் எண் கேட்கவில்லை. மறுபடி எண்ணிப் பாருங்கள்” என்றது டேப். ஜூனுக்குப் பிறகு அந்தக் குரலை இன்றுதான் கேட்கிறேன்.

மறுபடி எண்ணினார்கள். மறுபடி ஆறில் நின்றார்கள். ஒன்பது பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். மூன்றாம் முறையும் டேப் சொல்லி முடித்ததும் அஸ்வதி, வகுப்பில் பென்சில் கேட்கிற குரலில், “டீச்சர், உங்க ஏழு சொல்லுங்க” என்றாள்.

அலுவலர் சிரித்தார். “பிள்ளைங்க கூச்சப்படுது. சொல்லிக் கொடுங்க டீச்சர்.”

முந்தானையை எடுத்தேன். டேப்பை வாயருகே கொண்டுபோனேன். “ஏழு.”

நட்சத்திரம் ஏறிற்று. எட்டு, ஒன்பது, பத்து என்று பிள்ளைகள் கடகடவென்று முடித்தார்கள். பத்துக்குப் பத்து. திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

“பத்து ஆயிருச்சு பாருங்க சார். நிக்கிறது ஒம்பது பேர். அன்னைக்கும் இப்படித்தான் சொன்னேன்.”

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. முத்துமாரிக்கு உடனே புரிந்துவிட்டது. கத்துவாள், அடிப்பாள் என்று நின்றேன், அடித்திருந்தால் தேவலை. அவள் என் அருகில் வந்து, “அப்போ அவ சொல்லவே இல்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

“சொல்லலைம்மா.”

“சத்தமா, சந்தோசமான்னீங்களே.”

ஞானக்கா உள்ளே வந்து முத்துமாரியின் தோளைப் பிடித்தார். அவள் உதறவில்லை. இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து அழுதார்கள். நான் சொன்னதையெல்லாம் அலுவலர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். மேசைமேல் கிடந்த மிட்டாயில் எறும்பு மொய்த்திருந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பள்ளிக்கு வரக்கூடாது என்று உத்தரவு. டேப்பை வாங்கிப்போகப் பத்து மணிக்கு ஆள் வருவார்களாம். மாற்று ஆசிரியர் வரும்வரை வரிசையை ஞானக்கா கூட்டிப்போகிறார்.

என் ஜன்னலுக்கு நேரே குழாயடி. எட்டரைக்கு மூட்டம் சுவர் மாதிரி நின்றது, யாரையும் தெரியவில்லை. ஞானக்கா பாலம் வரை காத்திருக்கவில்லை, குழாயடியிலேயே எண்ணவைக்கிற சத்தம் கேட்டது. ஏன் என்று தெரியவில்லை, டேப்பைத் திறந்து பயிற்சியைப் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தேன். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

ஐந்து. ஆறு. பிள்ளைகள் நிறுத்தினார்கள். பழக்கம்.

டேப்பில் ஆறு நட்சத்திரம் எரிந்தது. ஏழாவது இடம் இருட்டாக இருந்தது. இருட்டாகவே இருந்தது.

“ஓர் எண் கேட்கவில்லை” என்றது டேப். “மறுபடி எண்ணிப் பாருங்கள்.”

“எல்லாரும் நில்லுங்க” என்று மூட்டத்துக்குள் ஞானக்காவின் குரல். அவருக்கு டேப்பின் சத்தம் கேட்டிருக்க முடியாது. செருப்புச் சத்தம் வரிசையின் பின்பக்கமாகப் போனது. புதரைக் கையால் விலக்குகிற சத்தம், ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

“யாரும் இல்ல மக்கா. நடங்க.”

நடந்தார்கள். அவ்வளவு நேரமும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.